ஆற்றுக்கும் ஒரு கணக்கு எழுதுங்கள்: கோயில் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்துத் தமிழ்க் கோயில்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பெரியோர்களே, வணக்கம்.

உங்கள் கோயிலின் பதிவு எண்ணையும், தணிக்கை முடிந்த கணக்குகளையும், வங்கிக் கணக்கையும் உங்கள் ஊர் ஓடைக்குத் துணையாகத் தரும்படி கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். உண்டியல் பணத்தைக் கேட்கவில்லை. ஆறுகளையும் அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் சீர்படுத்தவென்று இந்த நாட்டில் மானியப் பணம் இருக்கிறது. கரையில் இறங்கி வேலை செய்ய ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் பணம் அவர்கள் கைக்கு வந்து சேராமல் போவதற்குப் பெரும்பாலும் காகிதம்தான் காரணம். அந்தக் காகிதம் உங்கள் கோயில் அலமாரியில் இருக்கிறது.

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேலில் குடியிருக்கிறேன். ஓய்வு பெறும்வரை கணக்கெழுதும் வேலை பார்த்தேன். இப்போது ஓடை காக்கும் சிறு குழுக்களுக்கு மானிய விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன். அந்த வேலையில் கண்டதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

மானியம் தருகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று உங்களில் பொருளாளராக இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலாப நோக்கற்ற அமைப்பு என்ற பதிவுச் சான்று, அமைப்பின் விதிமுறைகள், இரண்டு மூன்று ஆண்டுகளின் தணிக்கைக் கணக்கு, வரி பாக்கி இல்லை என்ற சான்று, வங்கியின் கடிதம், முன்பு வாங்கிய பணத்தை என்ன செய்தீர்கள் என்ற விவரம். பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்கு ரசீதும் அறிக்கையும் போனால்தான் அடுத்த தவணை. சில திட்டங்களில் செலவை முதலில் நாம் செய்துவிட்டுப் பிறகு திரும்ப வாங்க வேண்டும். பொதுப்பணம் என்பதால் இவ்வளவும் கேட்பது சரிதான். ஆனால் யாரிடம் கேட்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு குழு இருக்கிறது. பெரும்பாலும் வேலையில்லாத இளைஞர்கள், சில அம்மாமார்கள். எந்த மேன்ஹோல் மழைக்குப் பொங்கும், எந்த வளைவில் குப்பை வண்டி வராததால் மக்கள் பையைத் தூக்கி எறிகிறார்கள், எங்கே இரவில் மணல் அள்ளுகிறார்கள் என்று ஓடையை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள். ஒரு நிதி அமைப்புக்கு விண்ணப்பித்தார்கள். திட்டத்தில் குறை எதுவும் சொல்லவில்லை. தணிக்கைக் கணக்கு இல்லை என்று மட்டும் பதில் வந்தது. தணிக்கையாளருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் தணிக்கை இல்லை. தணிக்கை இல்லாததால் பணம் இல்லை. அந்தப் பதிலை அவர்களுக்குப் படித்துக் காட்டியது நான்தான். அப்போது ஒரு தம்பி, "அக்கா, கோயிலுக்கெல்லாம் ஆடிட்டர் இருக்கிறார் இல்லையா?" என்று கேட்டான். சூலு பேசும் பையன். இந்த மடலின் யோசனை அவனுடையது.

ஆற்றின் நிலை உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒரே ஒரு ஓடையை மட்டும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்றவற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான். எங்கள் நார்த்டேல் வழியாக ஓடும் பெய்ன்ஸ்ப்ரூட் ஓடை, வில்லோட்டன் தொழிற்பேட்டையைக் கடந்து, சோபன்டு குடியிருப்பை ஒட்டிப் போய் முசுன்டூசி ஆற்றில் சேர்கிறது. முசுன்டூசி போய் உம்ங்கேனி ஆற்றில் விழுகிறது. அந்தத் தண்ணீர் இனாண்டா அணைக்குப் போகிறது. இனாண்டா 1989-ல் கட்டி முடிந்த அணை, டர்பன் மக்களுக்குக் குடிநீர் கொடுப்பது. ஆக, நார்த்டேலில் ஒரு கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் அந்தக் கழிவு சோபன்டுவில் காய்கறி போடுகிறவரின் வாய்க்காலைக் கெடுத்துவிட்டு டர்பன் குடிநீர் அணையை நோக்கிப் போகிறது. 2019 ஆகஸ்டில் வில்லோட்டனில் ஒரு தொழிற்சாலையின் தொட்டி உடைந்து சமையல் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் இந்த ஓடையில் கொட்டியபோது முசுன்டூசியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அது செய்தியாயிற்று. அன்றாடம் வழிகிற சாக்கடை செய்தியாவதில்லை. ஆனால் டூசி படகுப் போட்டிக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: 1951 முதல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குத் துடுப்புப் போடுகிறார்கள், இந்த ஆற்றுத் தண்ணீர் வாயில் போவதால் வரும் வயிற்றுப்போக்குக்கு அவர்களிடையே தனிப் பெயரே உண்டு.

சாக்கடை ஏன் ஓடைக்கே வருகிறது என்று கோயிலில் சிலர் கேட்டிருக்கிறார்கள். கழிவுநீர் தானாக இறங்கி ஓட வேண்டும் என்பதற்காகப் பெரிய குழாய்களைப் பள்ளத்தாக்கின் அடியில், ஓடையை ஒட்டியே பதிக்கிறார்கள். அதனால் மேன்ஹோல்களும் பம்ப் ஸ்டேஷன்களும் கரையிலேயே அமைகின்றன. துணி, குழந்தை நாப்கின், சமையல் கொழுப்பு இவை குழாயை அடைத்தாலோ, மின்சாரம் போய் பம்ப் நின்றாலோ, வெள்ளம் வந்து குழாயை உடைத்தாலோ, வழிவது நேராக ஓடையில்தான் விழும். சுத்திகரிப்பு நிலையங்களின் நிலையும் சொல்லும்படி இல்லை. 2022-ல் அரசு வெளியிட்ட கிரீன் டிராப் அறிக்கை, நாட்டின் 850 நகராட்சிக் கழிவுநீர் அமைப்புகளை ஆராய்ந்து 334 அமைப்புகள் மிக மோசமான நிலையில் உள்ளன என்றது. பொதுவான விதிப்படி, சுத்திகரித்து ஆற்றில் விடும் தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு 1000 மலக்கிருமிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. மனிதர் முழுகிக் குளிக்கும் தண்ணீரில், அதே 100 மில்லிலிட்டரில், ஈ-கோலி என்ற மலக்கிருமி 130-க்குள் இருப்பதே நல்லது என்று அரசின் 1996-ஆம் ஆண்டு நீர்த்தர வழிகாட்டி சொல்கிறது. கரகம் எடுக்கும் முன் ஆற்றில் தலைமுழுகும் பக்தர்களுக்கு எந்தக் கமிட்டியாவது அந்த எண்ணைச் சொல்லியிருக்கிறதா? நம் பிள்ளைகளைத்தான் அந்தத் தண்ணீரில் இறக்குகிறோம்.

இனி, இது ஏன் கோயிலின் வேலை என்பதற்கு வருகிறேன்.

1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து டிரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும், ஒப்பந்தம் முடிந்ததும் நிலம் தேடிப் போனது ஆற்றோரங்களுக்கு. உம்ங்கேனிக் கரையில் ஸ்பிரிங்ஃபீல்ட், சீ கவ் லேக்; உம்பிலோ, கிளேர்வுட், கேட்டோ மேனர். அங்கேயே கீரையும் கத்தரியும் போட்டார்கள், அங்கேயே கோயிலும் எழுப்பினார்கள். இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த 1950-ன் குழுவாரி இடச் சட்டம் வந்து நம்மைச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் நார்த்டேலுக்கும் தூக்கிப் போட்டது. கேட்டோ மேனரில் வீடுகள் இடிபட்டன; உம்கும்பானே ஆற்றையொட்டிக் கோயில்கள் நின்றன. இன்றும் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் அங்கே போகிறோம். நம் மக்கள் போன பிறகும் அந்த ஆற்றங்கரையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே தமிழ் நிறுவனம் கோயில்தான். எந்த மாநகராட்சித் திட்டத்துக்கும் அவ்வளவு நீண்ட ஆயுள் கிடையாது. நிதி தருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, "பணம் தீர்ந்த பிறகும் நீங்கள் இருப்பீர்களா?" என்பது. இளைஞர் குழுவால் அதற்கு உறுதி சொல்ல முடியாது. நூறாண்டு கண்ட கோயிலால் முடியும்.

1917 அக்டோபர் 28 வெள்ளத்தை நம்மில் மூத்தவர்கள் கேட்டிருப்பார்கள். உம்ங்கேனி பெருகி ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டக்காரர்களை அடித்துச் சென்றது; நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மாரிமுத்து படவட்டானும் அவரோடு ஐந்து வலைக்காரர்களும் படகை அந்த வெள்ளத்தில் தள்ளி 176 பேரைக் கரை சேர்த்தார்கள். அவர்களிடம் கடலில் வலை போடும் படகு இருந்தது, துடுப்புப் பிடிக்கத் தெரிந்திருந்தது. எது கையில் இருந்ததோ அதை எடுத்துக்கொண்டு போனார்கள். நம் கையில் இன்று இருப்பது பதிவும் கணக்கும்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி 400-க்கும் அதிகமானோர் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். டொங்காட் ஊரின் தண்ணீர் நிலையம் அடித்துக்கொண்டு போய், அந்த ஊர் மக்கள் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றார்கள். டர்பனில் கழிவுநீர்க் குழாய்களும் பம்ப் ஸ்டேஷன்களும் உடைந்து கடற்கரைகள் மூடப்பட்டன. அப்போது நம் கோயில்கள் சோறு சமைத்துப் போட்டன, போர்வை கொடுத்தன. வெள்ளம் வந்த பிறகு செய்வதில் நாம் குறை வைத்ததே இல்லை. வருமுன் செய்ய வேண்டியதற்குத்தான் உங்களை அழைக்கிறேன்.

கணக்கு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கமிட்டிகளில் இதில்தான் குழப்பம் அதிகம்.

பெரும்பாலான கோயில்கள் 1997-ஆம் ஆண்டின் இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தில் பதிவாகியிருக்கும். பல கோயில்கள் வரித்துறையிடம், அதாவது சார்ஸிடம், பொதுநல அமைப்பு என்ற அனுமதியும் வாங்கியிருக்கும். அதனால் கோயிலுக்கு வருமான வரி விலக்கு கிடைக்கிறது. ஆனால் கோயிலுக்கு நன்கொடை தருகிறவருக்கு வரிக் கழிவு கிடைப்பதில்லை. வருமான வரிச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. சமய வேலை முதற்பகுதியில் மட்டும் இருக்கிறது. இரண்டாம் பகுதியில் இருக்கும் வேலைகளுக்குத்தான் அந்தச் சட்டத்தின் 18-ஏ பிரிவின்படி ரசீது கொடுக்கலாம். அதைக் காட்டி நன்கொடையாளர் வரியில் கழித்துக்கொள்ளலாம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு அந்த இரண்டாம் பகுதியில் இருக்கிறது.

ஆகவே ஒரு கோயில் தன் விதிமுறைகளில் நீர்நிலைப் பாதுகாப்பையும் ஒரு நோக்கமாகச் சேர்த்து, அந்த வேலைக்கு 18-ஏ அனுமதி கேட்கலாம். கிடைத்தால் தனி வங்கிக் கணக்கு வைப்பது நல்லது. 18-ஏ ரசீதுக்கு வந்த ஒவ்வொரு ராண்டும் ஆற்று வேலைக்கே போனது, கோபுரத்துக்கு வண்ணம் பூசப் போகவில்லை என்று தணிக்கையாளர் ஆண்டுதோறும் சான்று தர வேண்டும். இந்தப் பிரிப்பு கோயிலுக்கும் நல்லது: எந்தப் பணம் எதற்குப் போனது என்று யார் கேட்டாலும் காட்டலாம். அருகிலுள்ள கம்பெனிகளிடம் போகும்போதும் இது உதவும். கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல் விதிகளின்படி, சமூக முன்னேற்றத்துக்கு நிகர லாபத்தில் 1 விழுக்காடு கொடுப்பதைக் கம்பெனிகளுக்கு இலக்காக வைத்திருக்கிறார்கள். வேலையில்லாத ஏழைகளுக்குச் சம்பளம் கொடுத்து நடத்தும் ஓடைத் திட்டத்தை அந்தக் கணக்கில் காட்ட முடியுமா என்று அவர்களின் ஆலோசகர்களையே கேட்கச் சொல்லுங்கள். ஒழுங்கான ரசீது தரக்கூடிய ஆளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

இன்னொன்று. பதிவு இருந்தால் போதாது, உயிரோடு இருக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை சமூக மேம்பாட்டுத் துறைக்குப் போக வேண்டும். போகாததால் பதிவு ரத்தாகும் நிலையில் இருக்கும் அமைப்புகள் நம்மிடையே உண்டு. இந்த ஒரு வேலைக்காகவாவது செயலாளர்கள் இந்த வாரமே கோப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்கிறேன்.

மானியம் வந்தால் எதற்குச் செலவிடுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. ஒருநாள் துப்புரவு வேண்டாம். டி-சட்டை அடித்து, கவுன்சிலரை அழைத்து, படம் எடுத்து, மறுநாள் மழைக்கு அதே குப்பை மேலிருந்து வந்து சேர்வதற்கு எந்த நிதி அமைப்பையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. நடக்கிற ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். மிட்மார் அணைக்கு மேலுள்ள முபோபொமேனியில் உள்ளூர் இளைஞர்களே மேன்ஹோல்களைச் சுற்றி வந்து பார்த்து, வழிவதைக் குறித்துக்கொண்டு, நகராட்சிக்குத் தகவல் சொல்லி, சரிசெய்யும்வரை விடாமல் கேட்கிறார்கள். குழாயில் எதைப் போடக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்கிறார்கள். கான்கிரீட் எதுவும் தேவைப்படாத வேலை. டர்பன் மாநகராட்சியின் சிஹ்லான்சிம்வேலோ திட்டத்தில் உள்ளூர்க் கூட்டுறவுக் குழுக்களுக்கு ஆளுக்கொரு நீளம் ஓடையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். செடி வெட்டி, குப்பை எடுத்து, கல்வெர்ட் (சாலைக்கு அடியில் ஓடை போகும் குழாய்) அடைக்காமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். இந்த இரண்டும் எட்டாத ஓடைகள் நம் கோயில்களுக்குப் பின்னால் நிறையவே இருக்கின்றன.

களைச்செடி வேலையும் அப்படித்தான், ஓராண்டு மானியத்தில் முடியாது. உண்ணிச்செடியை வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். வாட்டில் என்ற அயல்நாட்டு வேல மரத்தின் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்து, மரத்தை வெட்டி வெயில் பட்டதும் முளைக்கும். முதல் ஆண்டு வெட்டிவிட்டு இரண்டாம் ஆண்டு வராவிட்டால் முன்பைவிட அடர்த்தியாகப் புதர் வந்து நிற்கும். கரை வெறுமையாகக் கிடந்தால் மண்ணும் கரைந்து ஓடையில் சேரும். 1995-ல் கதர் அஸ்மல் அமைச்சராக இருந்தபோது தொடங்கிய 'தண்ணீருக்காக வேலை' திட்டத்தில் பின்தொடர் வெட்டுக்கென்று தனியாகக் காலமும் பணமும் ஒதுக்குவது இதனால்தான். விண்ணப்பத்திலேயே மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று கேளுங்கள். ஓராண்டுக்குத்தான் தருவோம் என்றால் களை வெட்டும் வேலையை அதில் சேர்க்காதீர்கள். இனாண்டா அணையில் மிதக்கும் ஆகாயத்தாமரையைப் பார்த்தவர்களுக்கு, பாதியில் விட்ட வேலையின் விலை தெரியும்.

தண்ணீரைச் சோதிக்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. மினிசாஸ் என்றொரு எளிய முறை இந்த மாகாணத்தில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்வது. ஓடையில் இறங்கி, கற்களைக் காலால் கலக்கி, வலையில் சிக்கும் பூச்சிகளைப் பதின்மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அழுக்கைத் தாங்காத கல்பூச்சிக்கு 17 மதிப்பெண், எதையும் தாங்கும் அட்டைக்கும் புழுவுக்கும் 2. சராசரி எடுத்தால் ஓடையின் உடல்நிலை தெரியும். கிருமியை இது காட்டாது; அதற்கு ஆய்வுக்கூடச் சோதனைக்குப் பட்ஜெட்டில் இடம் வைக்க வேண்டும். தொடக்கத்தில் எடுத்த எண் இல்லாமல், வேலை பலன் தந்ததா என்று இரண்டாம் தவணை கேட்கும்போது யாராலும் சொல்ல முடியாது. நான் பார்த்தவரை அறிக்கைகள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தில் யாராவது ஜேசிபி கொண்டுவந்து ஓடையை "ஆழப்படுத்தி"விடக் கூடாது. 1998-ன் தேசிய நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஆற்றின் போக்கையும் கரையையும் படுகையையும் மாற்றும் எந்த வேலைக்கும் அனுமதி கேட்கிறது. ஈரநிலத்தில் மண் போடுவதும் அப்படியே. களைக்கொல்லி மருந்து அடிக்கவும் பதிவு பெற்ற ஆள் வேண்டும். தெரிந்தவர்களைக் கேட்டுச் செய்யலாம். டூசி-உம்ங்கேனி பாதுகாப்பு அறக்கட்டளை போன்றவர்கள் இந்த ஆறுகளில் ஆண்டுக்கணக்காக நிற்கிறார்கள்.

கமிட்டிக் கூட்டத்தில் வரப்போகும் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். "ரேட்ஸ் (சொத்து வரி) கட்டுகிறோம், இது நகராட்சி வேலை" என்பார்கள். குழாயைப் பழுதுபார்ப்பது நகராட்சியின் கடமைதான், அந்த வேலையை நாம் தலையில் போட்டுக்கொள்ளவே கூடாது. மானியப் பணத்தில் நகராட்சிக் குழாயைச் சரிசெய்ய முன்வருபவர்களை நான் தடுப்பேன். ஆனால் எந்த மேன்ஹோல் என்றைக்குப் பொங்கியது, என்றைக்குப் புகார் கொடுத்தோம், என்றைக்கு வந்தார்கள் என்று மாதாமாதம் எழுதி வைத்திருக்கும் ஒரு கோயில் கமிட்டி கேள்வி கேட்டால், தனி ஆள் கேட்பதைப்போல் தட்டிக்கழிக்க முடியாது, நகராட்சி பதில் சொல்லியாக வேண்டிவரும். மாசுபடுத்துகிறவரே தடுக்கவும் துடைக்கவும் வேண்டும் என்கிறது தேசிய நீர்ச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அதைப் பிடித்துப் பேசவும் எழுதி வைத்த பதிவு வேண்டும்.

"மானியம் என்றாலே திருட்டு என்று பேர் வரும்" என்று சிலர் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானது. இந்த நாட்டில் பேருக்கு அமைப்பு வைத்துப் பொதுப்பணத்தைத் தின்றவர்கள் உண்டு. அதனால்தான் தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு மாதமும் கோயில் அறிவிப்புப் பலகையில் வரவு செலவு. கையெழுத்திடும் இருவரில் ஒருவர் ஓடைக் குழுவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கமிட்டி உறுப்பினரின் உறவினருக்கு ஒப்பந்தம் கொடுக்கக் கூடாது என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது ஆட்சேபத்தை யாரும் கூட்டத்தில் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஓடைக்கரையில் குடிசை போட்டிருப்பவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க மக்கள். அவர்களுக்குக் கோயில் ஏன் வேலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணம். 1949-ல் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே நடந்த கலவரமும், 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் நடந்த கொலைகளும் இரு பக்கத்திலும் ஆறாத காயங்கள். அவற்றை மறக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மேட்டில் இருப்பவர் சாக்கடை பள்ளத்தில் இருப்பவர் வாசலுக்குப் போகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். நார்த்டேலின் கழிவு சோபன்டுவுக்குப் போகிறது, திரும்பி வருவதில்லை. நாம் அவர்களுக்கு உதவி செய்வதாக நினைத்து இதில் இறங்கினால் ஒரே ஆண்டில் கெட்டுப்போகும். கூட்டுக் குழு வேண்டும், அவர்கள் பாதி இடத்தில் உட்கார வேண்டும், கூட்டம் ஒரு மாதம் கோயில் மண்டபத்தில் என்றால் மறுமாதம் அவர்கள் இடத்தில். சம்பளம் அரசு நிர்ணயித்த அளவுக்குக் குறையக் கூடாது, சொன்ன நாளில் போக வேண்டும்.

நம் சடங்குகளைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. டர்பனில் உம்ங்கேனி கடலில் சேரும் இடமான புளூ லகூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பாருங்கள். தேங்காயும் பூவும் ஆற்றில் கரைந்துபோகும். பிளாஸ்டிக் தட்டு, கற்பூரப் பாக்கெட், நைலான் துணி, சட்டம் போட்ட சாமி படம் கரையாது. கருமாதிக்கு வரும் குடும்பங்கள் துக்கத்தில் இருக்கும். அவர்களை அதட்டுவது முறையாகாது. பூசாரிகள் முன்கூட்டியே சொன்னால் கேட்பார்கள்: வாழையிலை, மண்விளக்கு, பருத்தித் துணி, திரும்ப எடுத்துப் போக ஒரு கூடை. இதற்கு எந்த மானியமும் தேவையில்லை. நம் இடத்திலுள்ள உண்ணிச்செடியை அகற்றுவதும் அப்படியே. ஆக்கிரமிப்புச் செடிகளைக் கட்டுப்படுத்துவது நில உரிமையாளரின் சட்டக் கடமை, கோயிலும் நில உரிமையாளர்தான். களத்தைப் பார்க்க வரும் நிதி அமைப்புக்காரர் முதலில் பார்ப்பது நம் மதிலுக்கு வெளியே இருக்கும் கரையைத்தான்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த மடலை வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கோயில் நிலத்தின் மழைநீர் எந்த ஓடைக்குப் போகிறது, அந்த ஓடையில் ஏற்கெனவே யார் வேலை செய்கிறார்கள் என்று கண்டுபிடித்து அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். விதிமுறையில் நீர்நிலைப் பாதுகாப்பைச் சேர்ப்பதற்குப் பொதுக்குழு கூட வேண்டியிருக்கும்; அதற்கான அறிவிப்பை இப்போதே கொடுங்கள். 18-ஏ அனுமதி ஒரு வாரத்தில் வந்துவிடாது. வரி ஆண்டு பிப்ரவரி கடைசியில் முடிகிறது, நன்கொடையாளர்கள் அதற்கு முன்புள்ள வாரங்களில்தான் ரசீது தேடி அலைகிறார்கள். ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாட்களுக்குள் விண்ணப்பம் போய்விட்டால், வரும் பிப்ரவரிக்கு ரசீதுப் புத்தகம் கையில் இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு மூன்று சிறு கோயில்கள் ஒரே ஓடையில் இருந்தால் தனித்தனியாகப் போட வேண்டாம், கணக்கு ஒழுங்காக இருக்கும் ஒரு கோயிலின் பெயரில் சேர்ந்து போடுங்கள்.

படிவம் நிரப்புவது, பட்ஜெட் எழுதுவது, தணிக்கையாளரோடு உட்காருவது இவற்றை நான் செய்து தருகிறேன், கூலி வேண்டாம். டர்பன், டொங்காட், உம்சின்டோ, இசிபிங்கோ, எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்